மூளைக்குள் மயிரிழை ஊசி



போன இதழில் புளியை வருஷத்துக்கும் புழு விழாமல் பானையில் அடைத்து வைப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கு நடுவே ஒரு கவர். எங்கள் அரூர்ப் பக்கத்து மலையடிவாரத்துச் சகோதரி ஒருவர் எழுதியது. புளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

"அக்கா, என் பையனுக்குப் பதினாலு வயசு. ஆறு வயசிலேர்ந்து வலிப்பு வருது. மூணு விதமா மாத்திரை மாத்தியாச்சு, நிக்கலை. இப்போ பெரிய ஆஸ்பத்திரியிலே, மண்டையிலே பொடி ஓட்டை போட்டு உள்ளே ஒயர் வெச்சு ஒரு வாரம் பார்க்கணும்னு சொல்றாங்க. எங்க அத்தை 'மண்டையைத் தொட்டா புத்தி பேதலிச்சுடும்'னு அழுவுறாங்க. அவரு வாயே திறக்க மாட்டேங்கிறாரு. நான் கையெழுத்துப் போடட்டுமா, வேணாமா? ஆயிரம் கண்ணு உள்ள ஊசியை மூளைக்குள்ளே விடறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே, அதுதானா இது?"

இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நான் டாக்டரம்மா இல்லை. போடு, போடாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? ஆனால் எதற்குக் கையெழுத்து என்று தெரிந்துகொண்டு போடலாம் அல்லவா? அதனால் படித்தும், தெரிந்த டாக்டரைக் கேட்டும் சேர்த்ததை இந்தத் தடவை இங்கேயே எழுதிவிடுகிறேன். இதே நிலையில் இன்னும் எத்தனை தாய்மார்கள் இருக்கிறார்களோ!

எங்கள் வீட்டிலும் இந்த வலிப்பு வந்து போயிருக்கிறது. என் நாத்தனார் மகனுக்கு ஏழு வயதில் முதல் தடவை வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து அவன் கையில் பீரோச் சாவியைத் திணித்தார்கள். இரும்பைப் பிடித்தால் நின்றுவிடுமாம். இரண்டு நிமிஷத்தில் தானாக நின்றது. சாவிக்குத்தான் பேர் கிடைத்தது! பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே அடங்கிவிடும் என்பது அன்றைக்கு எங்கள் ஒருத்திக்கும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். வாயில் ஸ்பூனோ துணியோ திணிக்கக்கூடாது. ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்.

வலிப்பு என்றால் என்ன? மூளையில் இருக்கிற நரம்பு அணுக்கள் ஒன்றோடொன்று சின்னச் சின்ன மின்துடிப்புகளால்தான் பேசிக்கொள்கின்றன. நமக்கு சுமார் 8,600 கோடி நரம்பு அணுக்கள் உண்டாம். எப்போதும் தத்தம் வேலையைத் தனித்தனியாகப் பார்க்கிற அணுக்கள், திடீரென்று ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் துடிக்க ஆரம்பித்தால், அது கை கால் வெட்டி இழுப்பாகவோ, ஒன்றும் பேசாமல் வெறித்துப் பார்ப்பதாகவோ வெளியே தெரிகிறது. பேயுமில்லை, பில்லியுமில்லை. நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் கட்டி மூளையில் தங்குவதாலும் நிறையப் பேருக்கு வலிப்பு வருகிறது. அது பெரும்பாலும் மாத்திரையில் குணமாகிவிடும். கீரை காய்கறியை நன்றாகக் கழுவுங்கள், சமைக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று நான் அடிக்கடி நச்சரிப்பது இதற்காகவும்தான்.

அந்த மின்துடிப்பை வெளியிலிருந்தே எழுதிக்கொள்ளும் கருவிதான் இ.இ.ஜி. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் 1924-ல் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக அதை எடுத்தார். ஐந்து வருஷம் யாரிடமும் சொல்லத் தயங்கிவிட்டு 1929-ல்தான் பத்திரிகையில் வெளியிட்டார். தலையில் இருபது, இருபத்தோரு இடத்தில் சின்ன வில்லைகளைப் பசை வைத்து ஒட்டுவார்கள். வலி கிடையாது. பலர் நினைப்பது போலக் கரண்ட் கொடுப்பதும் கிடையாது. மூளை தருகிற கரண்டை வாங்கிக்கொள்வது மட்டும்தான். அதுவும் எவ்வளவு தெரியுமா? டார்ச் லைட் பாட்டரியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு!

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பையனுக்கு முதல் தடவை இ.இ.ஜி. எடுக்கப் போனபோது, வெளியூர் போகிறோமே என்று என் நாத்தனார் தலை நிறைய எண்ணெய் வைத்து வழித்து வாரி, பொட்டு வைத்துக் கூட்டி வந்துவிட்டார். வில்லை ஒட்டவே இல்லை. மறுநாள் வரச்சொல்லிவிட்டார்கள். போக வர பஸ் செலவு வீண். முதல் நாளே தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிப் போங்கள். ராத்திரி குறைவாகத் தூங்கச் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள், பாவம் பார்க்காதீர்கள். அரைகுறைத் தூக்கத்தில்தான் அந்தக் கோளாறு நன்றாகத் தெரியுமாம். இன்னொன்று, இ.இ.ஜி. 'நார்மல்' என்று வந்தால் வலிப்பே இல்லை என்று அர்த்தமில்லை. எழுதிய அந்த அரைமணி நேரத்தில் மூளை சும்மா இருந்தது, அவ்வளவுதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு நாங்கள் பட்ட பாடு வேறு கதை.

சரி, வெளியிலிருந்தே எழுத முடிகிறபோது உள்ளே ஒயர் எதற்கு?

எங்கள் பக்கத்துக்காரர்கள் கோபிநாதம்பட்டி கூட்ரோடு மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பீர்கள். ரோட்டில் நின்று கேட்டால் ஒரே இரைச்சல்தான். சந்தை கூடியிருக்கிறது, கூட்டம் அதிகம், இவ்வளவு தெரியும். எந்த மாடு என்ன விலை போகிறது என்று தெரியுமா? உள்ளே போனாலும் தெரியாது. ஏனென்றால் உண்மையான பேரம் துண்டுக்குள்ளே நடக்கிறது. தரகர் விரலைப் பிடிக்கிறார், வாங்குகிறவர் தலையை ஆட்டுகிறார். அந்தத் துண்டுக்குள் கை விட்டவருக்குத்தான் விலை தெரியும். மூளையும் அப்படித்தான். மண்டையோட்டுக்கு வெளியே ஒட்டிய வில்லை கேட்பது சந்தை இரைச்சல். கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்து எழுப்பும் சத்தம் எலும்பையும் தோலையும் தாண்டி மங்கிப்போய் வருகிறது. கோளாறு எந்த மூலையில் ஆரம்பிக்கிறது என்று சில பேருக்கு அதை வைத்துச் சொல்லிவிடலாம். சில பேருக்குச் சொல்ல முடியாது.

வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு மாத்திரையே போதும். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால், மூன்றாவது நான்காவது மருந்தில் நிற்கும் வாய்ப்புக் குறைவு. அப்போதுதான், கோளாறு ஆரம்பிக்கும் சின்ன இடத்தை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று பார்க்கிறார்கள். முதலில் ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு சில நாள் வார்டில் வைத்து, இ.இ.ஜி.யும் காமிராவும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். வலிப்பு வந்தால் பெல்லை அழுத்துவதற்குத் தாய் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் இடம் பிடிபடாவிட்டால்தான் உள்ளே ஒயர் வைக்கும் பேச்சே வரும். நம் சகோதரியின் பையன் அந்தக் கட்டத்தில் இருக்கிறான்.

அந்த ஒயர் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. மயக்கம் கொடுத்து, மண்டையோட்டில் ஊசித்துளை மாதிரி சில ஓட்டைகள் போட்டு, ஸ்கேன் படத்தை வைத்து அளந்து, பத்துப் பன்னிரண்டு ஒயர்களைக்கூட இறக்குவார்கள். ஒவ்வொன்றிலும் வளையம் வளையமாகப் பல மின்முனைகள். பிறகு பையன் வார்டில் உட்கார்ந்து சாப்பிடலாம், படம் பார்க்கலாம், பேசலாம். மூளைக்கு வலி உணரும் சக்தி கிடையாது என்பது கடவுள் செய்த அதிசயம். வலிப்பு வரும்வரை காத்திருந்து, எந்த மின்முனையில் முதல் துடிப்பு தெரிகிறது என்று பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் உருவி எடுத்துவிடுவார்கள். பாரிஸ் நகரத்து டாக்டர்கள் 1950-களின் கடைசியில் ஆரம்பித்த முறை இது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தக்கசிவு, சீழ் பிடிப்பது இரண்டும் எப்போதாவது நடப்பதுண்டு. "உங்கள் ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேருக்குத் தொல்லை வந்தது?" என்று தைரியமாகக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாமியாருடைய பயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கனடா தேசத்தில் மாண்ட்ரியல் நகரத்தில் வைல்டர் பென்ஃபீல்டு என்று ஒரு பெரிய டாக்டர் இருந்தார். 1928-ல் தன் சொந்த அக்காவுக்கே மூளைக் கட்டி ஆபரேஷன் செய்தார். வலது நெற்றிப் பக்கத்து மூளையில் பெரும் பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் பிழைத்தார், பேச்சும் நினைவும் நன்றாகவே இருந்தன. ஆனால் பல மாதம் கழித்து ஒருநாள் விருந்தாளிக்கும் வீட்டாருக்குமாகச் சேர்த்துச் சமைக்கப் போனவர், சாமான்களை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது என்று தெரியாமல் தவித்துப் போனாராம். படித்தபோது என் கை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது. சாம்பார் கொதிக்கும்போதே ரசத்துக்குப் புளி கரைத்து, நடுவில் அரிசி களைகிறோமே, அதற்கென்றும் மூளையில் இடம் இருக்கிறது!

ஆகவே மாமியாரிடம் சொல்ல வேண்டியது இதுதான். ஒயர் வைப்பது எதையும் வெட்டி எடுப்பது அல்ல. கோளாறு எங்கே இருக்கிறது, எந்த இடத்தைத் தொடவே கூடாது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளத்தான் அது. அதைப் பார்த்தபிறகு ஆபரேஷன் வேண்டாம் என்றும் டாக்டர்கள் சொல்வதுண்டு. ஆபரேஷனுக்கு மறுபடி தனியாகக் கேட்பார்கள், தனியாகக் கையெழுத்து.

அந்தப் பென்ஃபீல்டு டாக்டரிடம் பயின்றவர்தான் நம் வேலூர் சி.எம்.சி.யில் 1949-ல் நரம்பியல் பிரிவை ஆரம்பித்த டாக்டர் ஜேக்கப் சாண்டி. கோட்டயத்துக்காரர். வலிப்புக்கான ஆபரேஷனை நம் நாட்டில் முதன்முதலாக அவர்தான் 1952-ல் வேலூரில் செய்தார். இங்கிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாகப் போகிற வேலூர்! நம் பாட்டிமார்கள் சாவியைத் திணித்துக்கொண்டிருந்த காலத்திலேயே இது நடந்திருக்கிறது. 1995-லிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திலும் இந்த ஆபரேஷன் செய்கிறார்கள்.

மூளைக்குள் ஒயர் என்றதும் நான் நினைத்துக் கும்பிடுகிற ஒரு அம்மா உண்டு. டாக்டர் டி. எஸ். கனகா. 1932-ல் சென்னையில் பிறந்தவர். 1968-ல் நரம்பியல் அறுவைச் சிகிச்சையில் பட்டம் பெற்றார். ஆசியாவிலேயே இந்தத் துறைக்கு முதலில் வந்த பெண்களில் ஒருவர். 1975-லேயே மூளையின் ஆழத்தில் மின்முனை பதித்து, நோயைத் தணிக்க மின்சாரம் கொடுத்தவர். இது கேட்பதற்கு வைக்கும் ஒயர் இல்லை, கொடுப்பதற்கு வைக்கும் ஒயர். நடுக்க வாத நோய்க்கு இன்று லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்கிற சிகிச்சையின் வழி அதுதான். அவர் நூறு தடவைக்கு மேல் ரத்த தானம் செய்தவர். குரோம்பேட்டையில் தாய் தகப்பன் பேரில் ஓர் ஆஸ்பத்திரியும் ஏற்படுத்தினார். 2018-ல் காலமானார். பெண்ணுக்கு எதற்கு சர்ஜரி என்று கேட்ட காலத்தில் மண்டையைத் திறந்தவர் அவர்.

இப்போது அந்த ஆயிரம் கண் ஊசி. சகோதரி, பேப்பரில் வந்தது வேறு, உங்கள் பையனுக்கு வைக்கப் போவது வேறு. அதன் பேர் நியூரோபிக்சல்ஸ். பெல்ஜியம் நாட்டில் லூவன் என்ற ஊரில் இருக்கும் ஒரு மின்னணு ஆராய்ச்சி நிலையத்தில், கம்ப்யூட்டர் சில்லு செய்கிற முறையிலேயே செய்கிறார்கள். 2017-ல் வெளியானது. நீளம் ஒரு சென்டிமீட்டர், அகலம் ஒரு தலைமயிர். அந்த மயிரிழையில் 960 மின்முனைகள்! ஒரே நேரத்தில் அதில் 384-ஐக் கேட்கலாம். ஆஸ்பத்திரி ஒயரின் வளையம் ஒன்று, தன்னைச் சுற்றிய ஆயிரக்கணக்கான அணுக்களின் பேச்சைச் சேர்த்துக் கேட்கிறது. இந்த ஊசியின் கண் ஒரு நரம்பு அணுவின் அளவுதான். துண்டுக்குள் போய் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கிற மாதிரி.

முதலில் எலி, சுண்டெலிகளுக்கு வைத்தார்கள். 2022-ல் அமெரிக்காவில் பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ என்ற இரண்டு ஊர்களில் மனிதர்களுக்கு வைத்துப் பார்த்ததை வெளியிட்டார்கள். ஏற்கெனவே மூளை ஆபரேஷனுக்கு வந்தவர்கள், அவர்கள் சம்மதத்தோடு, ஆபரேஷன் மேஜையிலேயே சில நிமிஷங்கள். எலிக்குச் செய்தது மனிதனுக்குச் சரிப்படவில்லை என்பதும் தெரிந்தது. நம் மூளை ஒவ்வொரு மூச்சுக்கும் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் தொட்டிலைப் போல மெல்ல ஏறி இறங்குகிறது. ஊசி ஒரு இடத்தில் நிற்க, மூளை நகர்ந்தால், கேட்டுக்கொண்டிருந்த அணு மாறிப்போய்விடும்! உடையாமல் இருக்கக் கொஞ்சம் கனமான ஊசியாகச் செய்து, நகர்வைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சரிசெய்தார்கள்.

2023 கடைசியில் வெளியான ஓர் ஆராய்ச்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. விழித்திருந்த நோயாளிகள் வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டிருக்க, காதுக்கு மேலே பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியில் ஒன்பது இடங்களில் 685 அணுக்கள் பேசியதைப் பதிவு செய்தார்கள். ஒரு இடத்தில் மேலே உள்ள அணுவும் அதற்கு நேர் கீழே உள்ள அணுவும் ஒரே வேலையைத்தான் செய்யும் என்று நினைப்பது சகஜம். பானையில் மேலே அரிசி இருந்தால் அடியிலும் அரிசிதானே! ஆனால் கை விட்டுப் பார்த்தால் அது அஞ்சறைப் பெட்டியாக இருந்தது. ஒன்று மெய்யெழுத்துச் சத்தத்துக்கு, ஒன்று உயிரெழுத்துக்கு, ஒன்று குரலின் ஏற்ற இறக்கத்துக்கு, ஒன்று வாக்கியம் ஆரம்பிப்பதற்கு என்று தனித்தனியாகத் துள்ளின. தொட்டிலில் கிடக்கிற குழந்தையிடம் நாம் பேசுகிற ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தச் சின்னத் தலைக்குள் இத்தனை ஏற்பாடு!

"அப்படியென்றால் மனசில் நினைப்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடுமா?" என்று என் ஓர்ப்படி கேட்டாள். அவளுக்கு என்ன பயமோ! 8,600 கோடியில் 685 என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாமே விரும்பிச் சொல்ல முயன்றால் கொஞ்சம் கேட்க முடிகிறது. அதே 2023-ல், பக்கவாதத்தால் பதினெட்டு வருஷமாகப் பேச முடியாமலிருந்த ஒரு கனடா நாட்டுப் பெண்ணுக்கு, மூளையின் மேற்பரப்பில் 253 மின்முனைகள் உள்ள மெல்லிய தகடு ஒன்றை வைத்தார்கள். அவர் வாயசைக்க முயன்றதைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, நிமிஷத்துக்கு 78 சொற்கள் வீதம் பேசிக் காட்டியது. முப்பது வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தபோது அவருடைய மகளுக்குப் பதின்மூன்று மாதம். அம்மாவின் பேச்சை அந்தப் பெண் தெரிந்துகொள்ளவே இல்லை.

பேப்பரில் வந்த ஊசிக்கும் உங்கள் கையெழுத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு விஸ்தாரமாக எழுதினேன். உங்கள் பையனுக்கு வைக்கும் ஒயர் அவன் நோயைப் பார்ப்பதற்கு. ஆயிரம் கண் ஊசி உலகத்துக்குத் தெரிந்துகொள்வதற்கு. அதனால் அந்த நோயாளிக்கு அன்றைக்கு நேரடிப் பலன் எதுவும் கிடையாது. நாளைக்கு வேறு யாருக்கோ கிடைக்கும். அப்படிக் கொடுப்பது பெரிய தானம். ஆனால் தானம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நீட்டும் காகிதம் எத்தனை என்று எண்ணுங்கள். "இது வைத்தியத்துக்கா, ஆராய்ச்சிக்கா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆராய்ச்சிக்கு மாட்டேன் என்றாலும் வைத்தியத்தைக் குறைக்கக்கூடாது, நடுவில் விலகினாலும் குறைக்கக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருஷத்து நெறிமுறை சொல்கிறது. பதினாலு வயதுப் பிள்ளை என்றால் பெற்றவர் சம்மதம் மட்டும் போதாது, அவனுடைய சம்மதமும் வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது.

பெண் குழந்தைக்கு வலிப்பு என்றால் மறைத்து மறைத்து வைத்தியம் தள்ளிப்போவது எங்கள் பக்கத்தில் அதிகம். கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது உண்மைதான். 1999-ல் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. தரகர்களுக்கு இன்னும் தெரியவில்லை.

இதையெல்லாம் அந்தச் சகோதரிக்குப் போனிலும் சொன்னேன். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். வலிப்பு எத்தனை மணிக்கு வந்தது, முகம் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் இழுத்தது, எத்தனை நிமிஷம், முடிந்ததும் பேச்சு வந்ததா என்று அதே நோட்டில் குறித்து வைக்கவும், முடிந்தால் போனில் படம் பிடிக்கவும் சொன்னேன். ஒயரை எங்கே இறக்குவது என்று தீர்மானிக்க டாக்டர் முதலில் கேட்பது இதைத்தானாம்.

"பையனைக் கேட்டியாம்மா?" என்றேன். அதுவரைக்கும் யாருமே அவனைக் கேட்கவில்லை. ராத்திரி கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டானாம். "மொட்டை அடிப்பாங்களாம்மா?"

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.